மாம்பழக் காலம் முடிந்த பிறகு: உறையவைத்த பழத்தில் இனிப்பு செய்யும் முறை

வைகாசியில் நறுக்கி ஃப்ரீசரில் வைத்த பங்கனப்பள்ளித் துண்டுகளை ஐப்பசியில் எடுத்து ஒரு கிண்ணத்தில் போட்டு வெளியே வைத்தால், ஒரு மணி நேரத்துக்குள் துண்டுகள் தளர்ந்து, ஓரம் மழுங்கி, கிண்ணத்தின் அடியில் மஞ்சள் நிறத்தில் சாறு தேங்கி நிற்கும். பழம் கெட்டுவிட்டது என்று எண்ணிக் கொட்டிவிடுகிறவர்கள் உண்டு. சாற்றை வடித்துக் கீழே ஊற்றிவிட்டுத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கொள்கிறவர்கள் இன்னும் அதிகம். இரண்டுமே தவறு, பழத்தின் மணத்திலும் இனிப்பிலும் நல்ல பங்கு அந்தச் சாற்றில் இறங்கியிருக்கிறது. உறைந்த பழத்தில் இனிப்பு செய்யத் தொடங்குகிறவர் முதலில் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த நீரை என்ன செய்வது என்பதைத்தான். எந்த இனிப்பைத் தேர்ந்தெடுப்பது, பழத்தை உருகவிடுவதா, அப்படியே போடுவதா, சர்க்கரையை எப்போது சேர்ப்பது ஆகிய கேள்விகளுக்கெல்லாம் விடை அதிலிருந்தே கிடைக்கிறது.

பழத்தின் பெரும்பகுதி தண்ணீர். தண்ணீர் உறையும்போது அதன் பருமன் சுமார் 9 சதவீதம் பெருகுகிறது; உள்ளே உருவாகும் ஐஸ் படிகங்களின் கூர்முனைகள் பழத்தின் செல் சுவர்களைக் கிழித்துவிடுகின்றன. உறைந்திருக்கும்வரை இது வெளியே தெரியாது. உருகியதும், சுவர் இடிந்த தொட்டியைப்போலச் செல்கள் தம்முள் இருந்த நீரை வெளியே விடுகின்றன. மெதுவாக உறையும் பழத்தில் படிகங்கள் பெரிதாக வளரும். விரைவாக உறையும் பழத்தில் அவை சிறியனவாக இருக்கும், சேதமும் குறையும். தொழிற்சாலைகளில் கடுங்குளிர்க் காற்றை வேகமாக வீசிச் சில நிமிடங்களில் உறையவைப்பதன் காரணம் இதுவே. வீட்டு ஃப்ரீசரில் அந்த வேகம் கிடைக்காது. ஆனாலும் பழத்தைச் சிறு துண்டுகளாக்கி, ஒரே அடுக்காகப் பரப்பி வைப்பதன் மூலம் நாமும் உறையும் நேரத்தை வெகுவாகக் குறைக்கலாம்.

பழத்தை உறையவைத்தல்

நன்றாகக் கனிந்து, காம்புப் பக்கம் மணம் வந்த பழத்தையே எடுக்க வேண்டும். ஃப்ரீசருக்குள் பழம் கனிவதில்லை. புளிப்பாக உள்ளே போனது புளிப்பாகவே வெளியே வரும். துண்டுகளாக உறையவைக்க இமாம் பசந்த், பங்கனப்பள்ளி, மல்கோவா, அல்போன்சா போன்ற நார் குறைந்த வகைகள் ஏற்றவை. நார் மிகுந்த பழமாக இருந்தால் துண்டு போடாமல் மிக்ஸியில் அரைத்து, சல்லடையில் தேய்த்து வடிகட்டிக் கூழாகவே உறையவைப்பது நல்லது. கழுவிய பழத்தைத் துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும். தோலில் ஒட்டியிருக்கும் தண்ணீர் துண்டுகளின்மேல் ஐஸாகப் படிந்து, பின்னால் இனிப்பை நீர்க்கச் செய்துவிடும். இரண்டு சென்டிமீட்டர் அளவுள்ள துண்டுகளாக நறுக்கி, ஓர் எவர்சில்வர் தட்டில் பட்டர் பேப்பர் விரித்து, ஒன்றோடொன்று தொடாதபடி பரப்பி, ஃப்ரீசரின் அடித்தளத்தை ஒட்டி வையுங்கள். எவர்சில்வர் தட்டைச் சொல்வதற்குக் காரணம், பிளாஸ்டிக்கைக் காட்டிலும் உலோகம் குளிரை விரைவாகக் கடத்தும் என்பதே. ஐந்தாறு மணி நேரத்தில், அல்லது இரவு வைத்தால் காலையில், துண்டுகள் கூழாங்கற்களைப்போல் இறுகியிருக்கும். அவற்றை ஜிப் கவரில் அரைக் கிலோ வீதம் போட்டு, உள்ளிருக்கும் காற்றைக் கையால் நீவி வெளியேற்றி, தட்டையாகப் பரப்பி மூடிவிட்டு, பழத்தின் பெயரையும் தேதியையும் கவரின்மேல் எழுதிவையுங்கள்.

தட்டில் பரப்பும் இந்த ஒரு படியைத்தான் பலர் தவிர்க்கிறார்கள். நறுக்கிய பழத்தை நேரடியாக டப்பாவில் கொட்டி வைத்தால் முழுவதும் ஒரே பாறையாக இறுகிவிடும். ஒரு கைப்பிடி வேண்டுமென்றாலும் ஒரு கிலோவையும் உருகவிட வேண்டியிருக்கும். காற்றை வெளியேற்றுவதும் அதே அளவு முக்கியம். காற்றுப் படும் இடங்களில் பழம் வறண்டு வெளுத்துப்போகும். அதோடு ஃப்ரீசரிலுள்ள வாடைகளையும் அது இழுத்துக்கொள்ளும். என் வீட்டில் ஒருமுறை, மூடி சரியாகப் பொருந்தாத டப்பாவில் வைத்த இரண்டு கிலோ மல்கோவா, பக்கத்தில் இருந்த இஞ்சி பூண்டு விழுதின் வாடையை முழுவதும் ஏற்றுக்கொண்டது. சேலத்திலிருந்து பழம் அனுப்பிவைத்தவரின் அன்பை நினைத்து அன்று மிகவும் வருந்தினேன். அதன்பிறகு பலா, மாம்பழம், சீதாப்பழம் மூன்றுக்கும் இரட்டைக் கவர் போடாமல் நான் வைப்பதில்லை.

வாழைப்பழமும் சீதாப்பழமும் காற்றுப்பட்டால் கறுக்கும். ஒரு கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு பிசறி வைத்தால் நிறம் காக்கப்படும். மாம்பழத்துக்கு இது வேண்டாம். பாயசம், கேசரி போன்ற இனிப்புகளுக்கென்றே வைக்கும் பழமாக இருந்தால், கிலோவுக்கு 150 முதல் 200 கிராம் சர்க்கரை பிசறி உறையவைக்கலாம். சர்க்கரை துண்டுகளைப் பாகுபோலச் சூழ்ந்து நிறத்தையும் மணத்தையும் காக்கும். பின்னால் இனிப்பு செய்யும்போது அந்தச் சர்க்கரையைக் கணக்கில் கழித்துக்கொள்ள மறக்கக் கூடாது. அதற்காக அதையும் கவரின்மேல் எழுதிவைப்பது நல்லது.

ஃப்ரீசரின் வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழ் 18 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். ஒரே கதவுள்ள பழைய மாதிரிக் குளிர்ப்பெட்டிகளில், மேலே சிறு அறையாக இருக்கும் ஃப்ரீசர் பெரும்பாலும் அந்த அளவைத் தொடுவதில்லை; அதில் வைத்த பழத்தை ஒரு மாதத்துக்குள் பயன்படுத்திவிடுவது உத்தமம். தனிக் கதவுள்ள ஃப்ரீசரில் மாம்பழம் ஆறு மாதம் வரை நல்ல மணத்தோடு இருக்கும். மின்வெட்டு அதிகமுள்ள ஊர்களில் ஓர் எளிய ஏற்பாடு செய்துகொள்ளலாம். சிறிய டம்ளரில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து ஃப்ரீசரிலேயே விட்டுவிடுங்கள். வெளியூர் போய்த் திரும்பும்போது நாணயம் மேலேயே இருந்தால் எதுவும் உருகவில்லை என்று பொருள். டம்ளரின் அடியில் ஐஸுக்குள் நாணயம் பதிந்திருந்தால், எல்லாம் ஒருமுறை உருகி மறுபடி உறைந்திருக்கிறது. அந்தப் பழத்தைத் தயங்காமல் எறிந்துவிட வேண்டும்.

கடையில் வாங்கும் பாக்கெட்டுகள்

பாக்கெட்டைக் கையில் எடுத்து மெல்லக் குலுக்கிப் பாருங்கள். துண்டுகள் தனித்தனியாக உருண்டு ஒலித்தால் வாங்கலாம். கட்டியாகச் சேர்ந்திருந்தாலும், உட்புறம் பனித்தூள் மிகுதியாகப் படிந்திருந்தாலும், வழியில் எங்கோ உருகி மறுபடி உறைந்த சரக்கு என்று கொள்ளலாம். சர்க்கரை சேர்த்ததா, சேர்க்காததா என்பதையும் பாக்கெட்டின் பின்புறம் படித்துவிடுங்கள்.

ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி போன்ற பெர்ரி வகைகளில் கூடுதல் கவனம் வேண்டும். மென்மையான அவற்றைத் தேய்த்துக் கழுவ முடியாது, தோலுரிக்கவும் முடியாது. உறைநிலை, கிருமிகளை உறங்கவைக்குமே தவிர எல்லாவற்றையும் கொல்லாது. வைரஸ்கள் அந்தக் குளிரைத் தாங்கி நிற்கும். 2012-ஆம் ஆண்டு ஜெர்மனியின் கிழக்கு மாநிலங்களில் பள்ளி உணவு சாப்பிட்ட சுமார் 11,000 பேர், பெரும்பாலும் குழந்தைகள், நோரோ வைரஸால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு அவதிப்பட்டார்கள். உறைந்த ஸ்ட்ராபெர்ரியே அதற்குக் காரணமென்று கண்டறியப்பட்டது. ஆகவே குழந்தைகள், கர்ப்பிணிகள், முதியோர் சாப்பிடும் இனிப்பில் கடையில் வாங்கிய உறைந்த பெர்ரியைப் பச்சையாகச் சேர்க்காமல், ஒன்றிரண்டு நிமிடம் தளதளவென்று கொதிக்கவைத்த பிறகு சேர்ப்பதையே நான் வழக்கமாக வைத்திருக்கிறேன்.

முதல் பயிற்சி: வாழைப்பழ ஐஸ்கிரீம்

கற்றுக்கொள்ள இதைவிட எளிதான இடம் இல்லை. உறைந்த பழத்தை மிக்ஸி எப்படிக் கையாளுகிறது என்பதையும் இதிலேயே பழகிக்கொள்ளலாம். தோலில் கரும்புள்ளி விழுந்த மோரிஸ் பழம் நான்கை உரித்து, விரற்கடை கனத்தில் வில்லைகளாக நறுக்கி, மேலே சொன்னபடி தட்டில் பரப்பி இரவு முழுவதும் உறையவையுங்கள். பூவனில் சற்றுப் புளிப்பு ஏறும். நேந்திரன் மாவுபோல நாக்கில் நிற்கும். மறுநாள் வெளியே எடுத்து ஐந்து நிமிடம் அப்படியே விட்டு, மிக்ஸியின் நடுத்தர ஜாரில் பாதியளவு மட்டும் போட்டு, குமிழை எதிர்ப்பக்கம் திருப்பி, நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள்.

இப்போது ஜாரைத் திறந்து பார்க்க வேண்டும். முதலில் வறுத்த ரவையைப்போல் உதிரியாக இருக்கும். பக்கங்களைக் கரண்டியால் வழித்து நடுவே தள்ளிவிட்டு மறுபடி ஓட்டினால், பிசறிய புட்டு மாவைப்போல், பிடித்தால் பிடிபட்டு உதிர்த்தால் உதிரும் பதம் வரும். இந்த இடத்தில் பொறுமையிழந்து பாலை ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றினால் கிடைப்பது மில்க்ஷேக்தான். ஒரு மேசைக்கரண்டி குளிர்ந்த பாலுக்கு மேல் சேர்க்காமல், வழித்துவிட்டு இன்னும் இரண்டு மூன்று முறை ஓட்டுங்கள். ஒரு கட்டத்தில் மிக்ஸியின் ஓசை மாறும்; கடகடவென்ற சத்தம் அடங்கி, உள்ளே கலவை மெல்லச் சுழலத் தொடங்கும். திறந்தால் வெண்ணெயைப்போல வழவழப்பான ஐஸ்கிரீம் இருக்கும். வாழைப்பழத்தில் பாலும் சர்க்கரையும் இல்லாமலே இது அமைவதற்கு அதிலுள்ள பெக்டின் என்ற கூழ்போன்ற நார்ச்சத்தும் மாவுச்சத்தும் காரணம். உறைந்த நீர்த்துகள்களைச் சூழ்ந்துகொண்டு அவை பெரிய படிகங்களாகச் சேரவிடாமல் தடுக்கின்றன.

மிக்ஸியைத் தொடர்ந்து அரை நிமிடத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. கல்லைப்போன்ற துண்டுகளில் பிளேடு சிக்கினால் மோட்டார் சூடாகி நின்றுவிடும். அப்படி நின்றால் சிறிது நேரம் ஆறவிட்டு, மிக்ஸியின் அடியில் இருக்கும் சிறு பொத்தானை அழுத்தினால் பெரும்பாலும் மறுபடி இயங்கும். இந்த ஐந்து நிமிடக் காத்திருப்பும் பாதியளவு நிரப்புவதும் அதற்காகவே சொல்லப்பட்டவை.

மாம்பழ சோர்பே

பால் சேர்க்காமல் பழத்தை அரைத்து உறையவைக்கும் இனிப்பு சோர்பே. வாழைப்பழத்துக்குச் சொன்ன இதே முறையில் உறைந்த மாம்பழத்தையும் அரைக்கலாம். உடனே சாப்பிடுவதானால் வேறெதுவும் வேண்டாம். ஆனால் மறுபடி ஃப்ரீசரில் வைத்து நாளைக்குப் பரிமாற நினைத்தால் சர்க்கரையின் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். சர்க்கரை இனிப்புக்காக மட்டும் சேர்க்கப்படுவதில்லை. அது நீரின் உறைநிலையைக் கீழே இறக்குகிறது. கலவையில் மொத்தச் சர்க்கரை 25 முதல் 30 சதவீதம் இருந்தால், ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் கரண்டியால் அள்ளும் பதத்துக்கு அருகில் இருக்கும். அதற்குக் குறைந்தால் பாறையாகும். மிகுந்தால் இறுகாமல் கூழாக நிற்கும். நன்கு கனிந்த மாம்பழத்தில் ஏறக்குறைய 14 சதவீதம் சர்க்கரை இயல்பாகவே இருப்பதால், அரைக் கிலோ துண்டுகளுக்கு 75 கிராம் பொடித்த சர்க்கரை சேர்த்தால் கணக்கு சரியாக வரும். ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து அரைத்து, தட்டையான டப்பாவில் நிரப்பி மூடி வைக்கலாம். சர்க்கரை கூடாது என்பவர்கள் சர்க்கரையைச் சேர்க்காமல் அரைத்து அப்போதே சாப்பிட்டுவிடுவது நல்லது. ஆனாலும் பழத்தின் சொந்தச் சர்க்கரை அதில் இருக்கிறது என்பதை அவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குளிர்ந்த பண்டத்தில் நாக்குக்கு இனிப்பு மங்கித்தான் தெரியும். அதனால் உறையவைக்கும் எந்தக் கலவையும் அறைவெப்பத்தில் ருசி பார்க்கும்போது ஒரு படி தூக்கலான இனிப்போடு இருக்க வேண்டும்.

மாம்பழ குல்ஃபி: சாற்றைச் சுண்டவைக்கும் முறை

நீரைக் கையாளும் வித்தை முழுவதும் வெளிப்படும் இனிப்பு இதுதான். ஒரு லிட்டர் கொழுப்பு நீக்காத பாலை அடிகனமான பாத்திரத்தில் ஊற்றி, சிறுதீயில், ஓரங்களில் படியும் ஆடையை வழித்து உள்ளே விட்டபடியே பாதியாகச் சுண்டவையுங்கள். முக்கால் மணி நேரமாவது பிடிக்கும். 100 கிராம் சர்க்கரையும் மூன்று ஏலக்காயின் பொடியும் சேர்த்து, கரைந்ததும் இறக்கி, முழுவதும் ஆறவிடுங்கள்.

பால் சுண்டும் நேரத்தில், அரைக் கிலோ உறைந்த மாம்பழத் துண்டுகளை ஒரு வடிகட்டியில் போட்டு, கீழே கிண்ணம் வைத்து உருகவிடுங்கள். முந்தைய இரவே குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் இப்படி வைத்துவிட்டால் இன்னும் நல்லது. ஏறக்குறைய அரை டம்ளர் சாறு இறங்கியிருக்கும். பழத்தையும் சாற்றையும் அப்படியே பாலில் கலந்தால், அத்தனை நேரம் சுண்டவைத்து வெளியேற்றிய நீரை மறுபடி உள்ளே ஊற்றியதாகிவிடும். குல்ஃபியைக் கடிக்கும்போது பல்லில் ஐஸ் நறநறக்கும். அதனால் சாற்றைத் தனியாக ஒரு சிறு வாணலியில் ஊற்றி, சிறுதீயில் கிளறிக்கொண்டே மூன்றில் ஒரு பங்காகக் குறைக்க வேண்டும். தொடக்கத்தில் நுரைக்கும், பிறகு நுரை அடங்கி, குமிழிகள் கனத்து மெதுவாக வெடிக்கும், கரண்டியால் இழுத்தால் வாணலியின் அடி ஒரு கணம் தெரிந்து மறையும். அப்போது இறக்கிவிடுங்கள். ஆறியதும் அதைத் தொட்டு நாக்கில் வைத்துப் பாருங்கள். மாம்பழத்தின் மணம் அதில் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பது தெரியும்.

வடிகட்டியில் நிற்கும் துண்டுகளை விழுதாக அரைத்து, சுண்டிய சாற்றோடு கலந்து, முழுவதும் ஆறிய பாலில் சேருங்கள். பால் சூடாக இருக்கும்போது சேர்த்தால் பழத்தின் புளிப்பால் திரிந்துவிடும். ஒரு சிட்டிகை உப்புப் போட்டு, குல்ஃபி அச்சுகளிலோ சிறிய எவர்சில்வர் டம்ளர்களிலோ ஊற்றி, வாயை ஃபாயில் தாளால் மூடி, எட்டு மணி நேரம் உறையவையுங்கள். எடுக்கும்போது டம்ளரை இரு உள்ளங்கைகளுக்கு இடையே வைத்துச் சிறிது நேரம் உருட்டினால் போதும். குல்ஃபி நழுவி வெளியே வரும். அடுப்பில் நிற்க நேரமில்லாதவர்கள் கண்டென்ஸ்டு மில்க்கும் ஃப்ரெஷ் கிரீமும் கலந்து இதைச் செய்கிறார்கள். அதுவும் நன்றாகவே இருக்கும், ஆனால் சுண்டிய பாலின் ஆடைமணம் அதில் வராது.

அன்னாசி கேசரி: சாறே சமையல் தண்ணீராக

நீர் விடும் பழத்துக்கு நீர் குடிக்கும் ரவையைவிடப் பொருத்தமான துணை கிடையாது. உறைந்த பழத்தைப் புதிதாகப் பயன்படுத்துகிறவர்களுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் சூடான இனிப்பு இதுவே, ஏனென்றால் துண்டுகள் துவண்டு போயிருப்பது இதில் குறையாகத் தெரியாது. வேகவைக்கும்போது எப்படியும் துவளத்தான் போகின்றன.

ஒரு கப் உறைந்த அன்னாசித் துண்டுகளை உருகவிட்டு, பொடியாக நறுக்கி, இறங்கிய சாற்றைத் தனியாக அளந்துகொள்ளுங்கள். சாற்றோடு தண்ணீர் சேர்த்து மொத்தம் இரண்டரைக் கப் ஆக்க வேண்டும். துண்டுகளைக் கால் கப் சர்க்கரையோடு ஒரு வாணலியில் ஐந்தாறு நிமிடம் வதக்கி, கண்ணாடிபோல் பளபளப்பானதும் எடுத்து வையுங்கள். அதே வாணலியில் இரண்டு மேசைக்கரண்டி நெய் விட்டு முந்திரியை வறுத்தெடுத்த பிறகு, ஒரு கப் ரவையைச் சிறுதீயில் மணம் வரும்வரை வறுங்கள். இன்னொரு அடுப்பில் சாறு கலந்த தண்ணீர் ஒரு சிட்டிகை உப்போடும் சில இழை குங்குமப்பூவோடும் கொதிக்கட்டும். கொதிக்கும் தண்ணீரை ரவையில் ஊற்றிக் கட்டிவிழாமல் கிளறி, மூடி வைத்து, ரவை முழுவதும் வெந்ததைக் கையில் எடுத்து நசுக்கிப் பார்த்த பிறகே ஒரு கப் சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். சர்க்கரை சேர்ந்த பிறகு ரவை வேகாது. சர்க்கரை கரைந்து கலவை இளகி, மறுபடி இறுகும்போது வதக்கிய அன்னாசியையும் மேலும் கால் கப் நெய்யையும் சிறிது சிறிதாகச் சேர்த்து, ஓரம் ஒட்டாமல் திரண்டு வரும்வரை கிளறி, முந்திரியைப் போட்டு இறக்குங்கள். வெறும் தண்ணீரில் செய்த அன்னாசி கேசரியில் மணம் துண்டுகளில் மட்டும் இருக்கும். இதில் ஒவ்வொரு ரவையிலும் இருக்கும்.

கடல்பாசியும் அன்னாசியும்

ரமலான் மாதத்தில் தமிழ் முஸ்லிம் வீடுகளில் நோன்பு திறக்கும்போது வைக்கும் கடல்பாசி இனிப்பு, உறைந்த பழத்துக்கு மிகவும் ஏற்றது. கடல்பாசி என்பது கடற்பாசிகளிலிருந்து எடுக்கும் அகர் அகர் என்ற இறுகவைக்கும் பொருள்; கடைகளில் சைனா கிராஸ் என்று கேட்டால் கிடைக்கும். 10 கிராம் கடல்பாசியைப் பொடியாக வெட்டி, ஒன்றரை டம்ளர் தண்ணீரில் ஊறவைத்து, ஓர் இழைகூட மிஞ்சாமல் முழுவதும் கரையும்வரை கொதிக்கவிட வேண்டும். அரை லிட்டர் சூடான பாலில் 120 கிராம் சர்க்கரையைக் கரைத்து, கடல்பாசிக் கரைசலை வடிகட்டிச் சேர்த்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் ஒரு கப் மாம்பழ விழுதைக் கலந்து தட்டில் ஊற்ற வேண்டும். விழுது ஃப்ரீசர் குளிரோடு இருக்கவே கூடாது. கடல்பாசி 40 டிகிரிக்கு அருகிலேயே இறுகத் தொடங்குவதால், குளிர்ந்த விழுது பட்ட இடத்திலெல்லாம் நூல் நூலாகத் திரிந்து, சேமியா மிதப்பதுபோல் ஆகிவிடும். அறைவெப்பத்துக்கு வந்த விழுதை மட்டும் சேருங்கள்.

பழத்தை இறுகவைக்க ஜெலட்டினைப் பயன்படுத்துகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. அன்னாசி, பப்பாளி, கிவி, அத்தி ஆகியவற்றில் புரதத்தைச் சிதைக்கும் நொதிகள் இருக்கின்றன. ஜெலட்டின் புரதம் என்பதால் அது கட்டிபிடிக்காமல் தண்ணீராகவே நிற்கும். உறையவைப்பதால் இந்த நொதிகள் அழிவதில்லை. பழத்தைச் சில நிமிடம் கொதிக்கவைத்தால்தான் அழியும். கடல்பாசி மாவுச்சத்தின் இனத்தைச் சேர்ந்தது. அதனிடம் இந்த நொதிகளின் வேலை பலிக்காது. ஆனால் பால் சேர்ந்த கடல்பாசியில் பச்சை அன்னாசியைப் போட்டால், அதே நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பை உண்டாக்கும். எங்கள் வீட்டு விருந்தொன்றில், மாலையில் தித்திப்பாக இருந்த தட்டு இரவு பரிமாறும்போது கசந்தது. காரணம் புரியாமல் பாலைக் குறை சொன்னோம். அன்னாசியைச் சர்க்கரையோடு கொதிக்கவைத்து ஆறவிட்டுச் சேர்த்தால் இந்தத் தொல்லை இல்லை.

சூடு ஆகாத பழமும் சூடு வேண்டும் பழமும்

சீதாப்பழத்தின் கதை இதற்கு நேர் எதிரானது. அதைச் சூடாக்கினால் கசந்துவிடும். ஆவணி முதல் கார்த்திகை வரை கிடைக்கும் பழத்தின் சதையைப் பெரிய கண் சல்லடையில் கையால் தேய்த்துக் கொட்டைகளை நீக்கி, எலுமிச்சைச் சாறு கலந்து சிறு டப்பாக்களில் உறையவைக்கலாம். கொட்டையில் நச்சுத்தன்மை உண்டு; ஆகவே மிக்ஸியில் கொட்டையோடு ஓட்டக் கூடாது. வேண்டியபோது குளிர்ப்பெட்டியின் கீழ்த்தட்டில் உருகவிட்டு, தனியே சுண்டவைத்து நன்றாகக் குளிரவைத்த பாசுந்தியில் பரிமாறும் நேரத்தில் கலந்தால் போதும்.

பலாச்சுளையைப் பற்றிக் கவலையே வேண்டாம். பண்ருட்டிப் பழம் மலிவாகக் கிடைக்கும் நாளில் கொட்டை நீக்கி நறுக்கி வைத்த சுளைகளை, உருகவிடாமலே நேரடியாகக் குக்கரில் போட்டு ஆவியில் வேகவைத்து மசித்து, வெல்லப்பாகில் நெய் விட்டு வதக்கி, இரண்டாம் தேங்காய்ப் பாலில் கொதிக்கவிட்டுச் சக்கப் பிரதமன் என்னும் பலாப்பழப் பாயசம் செய்யலாம். முதல் பாலைச் சேர்த்ததும் இறக்கிவிட வேண்டும், கொதித்தால் திரியும்.

உறைந்த பழம் பொருந்தாத இடமும் உண்டு. கஸ்டர்டு ஊற்றிய பழக்கலவையில் ஆப்பிள், மாதுளை, திராட்சை ஆகியவற்றின் கடிபடும் மொறுமொறுப்பே அழகு. உறைந்து உருகிய பழம் அதில் துவண்டு, கஸ்டர்டையும் நீர்க்கச் செய்துவிடும். அங்கே புதிய பழத்தையே போடுங்கள்.

கேக்கில் சேர்ப்பதானால் பழத்தை உருகவிடாமல், ஒரு மேசைக்கரண்டி மைதாவில் புரட்டி, மாவைத் தட்டில் ஊற்றும் கடைசிக் கணத்தில் கலக்க வேண்டும். மைதா, வெளிவரும் சாற்றை உறிஞ்சிக்கொள்ளும். மாவு குளிர்ந்துவிடுவதால் ஓவனில் ஐந்து முதல் பத்து நிமிடம் கூடுதலாகப் பிடிக்கும். புளூபெர்ரியோ நாவல் பழமோ சேர்த்த கேக்கின் உள்ளே பச்சையும் நீலமுமாகத் திட்டுகள் தெரிந்தால் அஞ்ச வேண்டாம். அப்பழங்களின் ஊதா நிறமி, சமையல் சோடாவின் காரத்தன்மையால் (அமிலத்துக்கு எதிரான தன்மையால்) அப்படி மாறுகிறது. மாவில் சிறிது தயிர் சேர்த்தால் நிறம் பெரும்பாலும் காப்பாற்றப்படும்.

இவற்றுள் எதைச் செய்தாலும் இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று சாறு மிஞ்சும். அதை அன்றே ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி உறையவைத்து, கட்டிகளைப் பழவாரியாகக் கவரில் போட்டு வையுங்கள். அடுத்த முறை கேசரிக்குத் தண்ணீர் அளக்கும்போது, அளவுக் கோப்பையில் முதலில் அந்தக் கட்டிகள் நான்கைப் போட்டு, உருகியதும் மீதிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளலாம்.